களியா, மென்சாவா, விமானமா? ஜெர்மனியில் படிக்கப் போகும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

இந்த அக்டோபரில் ஜெர்மனிக்கு முதுகலை படிக்கப் போகிற மூன்று பேர் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒரு தம்பி காரிமங்கலம். ஒரு தங்கை ஊத்தங்கரை. இன்னொருவர் ஓசூர், நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போகிறார். அங்கே மாதாமாதம் மிஞ்சப் போவது கொஞ்சம் பணம், கொஞ்சம் நேரம். நம் சாப்பாட்டையே சமைத்துச் சாப்பிட்டு அதை மிச்சம் பிடிப்பதா? அந்த ஊர்ச் சாப்பாட்டுக்குப் பழகிக்கொண்டு பக்கத்து ஊர்களைச் சுற்றுவதா? இல்லை, பாரிஸ், ரோம் என்று பெரிய பயணங்களுக்கு எடுத்து வைப்பதா?

நான் பாலக்கோடு பக்கம். மேற்கு ஜெர்மனியில், நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் இரண்டரை வருடம் படித்தேன். இந்த மூன்று வழியிலும் வெவ்வேறு செமஸ்டரில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்ல முடியும்.

## முதலில், எதை வைத்து அளப்பது?

பணம் முதல் அளவுகோல். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் ஒரு பங்கை மட்டும் எடுக்க விடும் வங்கிக் கணக்கு) போட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ. மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். மாணவர் விடுதி அறைக்கு 300 முதல் 450 வரை போகும். மருத்துவக் காப்பீட்டுக்கு 140ஐ ஒட்டி ஒரு தொகை. செமஸ்டர் கட்டணத்தை மாதக் கணக்கில் பிரித்தால் 50 அளவில் வரும். போன், ஒளிபரப்புக் கட்டணம், துணி துவைக்கும் மெஷின் எல்லாம் கழித்தால் சாப்பாட்டுக்கும் ஊர் சுற்றவும் சேர்த்து 300, 350 யூரோ நிற்கும். பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துக்குப் போகிறவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணத்தையும் தனியாகத் தேட வேண்டும்.

இரண்டாவது நேரம். வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வு எல்லாம் போக, பகுதி நேர வேலையும் இருக்கும். வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்ய 2024 மார்ச்சிலிருந்து அனுமதி உண்டு. அதைச் செய்கிறவருக்குச் சனி ஞாயிறுதான் மிச்சம்.

மூன்றாவது வயிறும் நம்பிக்கையும். மாடு, பன்றி சாப்பிடாதவர்கள், முட்டைகூடத் தொடாதவர்கள் நம்மில் நிறைய. நான்காவது காகிதம்: எந்த அட்டையோடு எந்த எல்லையைத் தாண்டலாம் என்பது.

ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடப் போகிறீர்கள்?

## வழி 1: நம் சாப்பாடு, நம் சமையல், காசு சேமிப்பு

போன புதிதில் எல்லோரும் இதில்தான் தொடங்குவோம். தப்பே இல்லை. அக்டோபரில் இறங்கி, நவம்பரில் குளிர் ஏறி, டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிற ஊரில் சூடான ரசம் சோறு மனதைத் தாங்கும்.

கணக்கும் ஒத்துவரும். சிவப்பு மைசூர்ப் பருப்பு ஆல்டி, லிடில் போன்ற சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கும். துருக்கிக்காரர் கடையில் கொத்தமல்லி, வெண்டைக்காய், கத்தரிக்காய், நம் நாக்குக்கு ஏற்ற புளித்த தயிர். ஈழத் தமிழர் கடை இருக்கிற ஊர் என்றால் பொன்னி அரிசி, முருங்கைக்காய், கறிவேப்பிலை வரைக்கும் வாங்கலாம். மூன்று வேளையும் சமைத்தால் மாதம் 150 முதல் 200 யூரோவில் முடியும். மாடு, பன்றி பற்றிய கவலையே கிடையாது.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளுக்கு வருகிறேன்.

மிக்ஸி அங்கேயும் 230 வோல்ட்டில் ஓடும், பிளக் மட்டும் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். ஆனால் இரவு 10 மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் அமைதி காக்க வேண்டிய நேரம், மிக்ஸி போட்டால் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார். கடைகளும் ஞாயிறு மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே எல்லாம் வாங்கிவிட வேண்டும். கடுகும் காய்ந்த மிளகாயும் தாளிக்கிற புகைக்கே கூரையில் இருக்கும் புகை உணரி அலறும். சில கட்டடங்களில் அது நேராகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும், வீண் அழைப்புக்கு ஆகும் செலவை நம்மிடம் கேட்பார்கள். ஜன்னலைத் திறந்து, மூடி போட்டுத் தாளிக்கப் பழகுங்கள்.

களிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே பெரும்பாலும் வழவழப்பான கண்ணாடி அடுப்பு. அதன்மேல் பாத்திரத்தை அமுக்கிப் பிடித்துத் துடுப்புப் போட்டால் கண்ணாடி விரிசல் விடலாம், காசு நம்முடையது. நான் பாத்திரத்தை இறக்கி, தரையில் மடித்த துணிமேல் வைத்து, இரண்டு பாதத்தாலும் இடுக்கிக்கொண்டு கிண்டினேன். பாட்டி செய்தது அதேதான்.

பெரிய மறை செலவு வேறு. முதல் செமஸ்டரில் ஆறு பேருக்கு ஒரே சமையலறை. மற்றவர்கள் ஏழு மணிக்குள் சாப்பிட்டுப் போய்விடுவார்கள். நான் ஒன்பதுக்குச் சமைத்து, தட்டை அறைக்குள் எடுத்துப்போய், அம்மாவிடம் வீடியோவில் பேசிக்கொண்டே சாப்பிடுவேன். "சாப்டியா கண்ணு" என்று அவர் கேட்பது ஆறுதலாக இருக்கும். பிப்ரவரியில் எண்ணிப் பார்த்தால் அந்த ஆறு பேரில் இரண்டு பேர் பெயர்தான் எனக்குத் தெரிந்திருந்தது. தினம் ஒன்றரை மணி நேரம் அடுப்படியில் போயிருந்தது. பேச்சு ஜெர்மன் ஒரு அடி நகரவில்லை. வேலை தேடும்போது அதன் விலை என்ன என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இது யாருக்கு: முதல் மூன்று மாதம் எல்லோருக்கும். நிலப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி, இன்னும் பகுதி நேர வேலை கிடைக்காதவருக்கு. உணவுக் கட்டுப்பாடு மிகக் கண்டிப்பாக இருப்பவருக்கு.

## வழி 2: மதியம் மென்சா, வாரக் கடைசியில் வட்டார ரயில்

மென்சா என்பது பல்கலைக்கழக உணவகம். மாணவர் நல அமைப்பு நடத்துவது, அரசு உதவி உண்டு, ஆகவே மாணவர் அட்டை காட்டினால் சூடான ஒரு வேளைச் சாப்பாடு 3 முதல் 5 யூரோவுக்குள் கிடைக்கும். பெரும்பாலும் வார நாட்களின் மதியம் மட்டும்தான்.

நம்மவர்கள் அதை ஒரு வாரம் எட்டிப்பார்த்து, "உப்பு சப்பு இல்லை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரருக்கு இந்தச் சாப்பாடு மற்ற ஊர்க்காரரைவிடச் சீக்கிரம் பிடிபட வேண்டும்.

க்னோடல் என்று ஒன்று தருவார்கள். உருளைக்கிழங்கையோ பழைய ரொட்டியையோ பிசைந்து உருட்டி வேகவைத்த பெரிய உருண்டை, குழம்புக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். களி உருண்டையைக் குழி பண்ணிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அது என்ன புதுசு? கம்பு போல ரை என்று ஒரு தானியம், அதன் மாவைப் புளிக்க வைத்துச் சுட்ட கறுத்த ரொட்டி. வெள்ளை ரொட்டி மட்டும் தின்றவர் அந்தப் புளிப்பில் முகம் சுளிப்பார். இரவு ஊறிய கம்மங்கூழைக் காலையில் குடித்தவருக்கு அந்தப் புளிப்பு தெரிந்த புளிப்பு. பருப்பும் காய்கறியும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சுகிற லின்சன் ஐன்டோஃப் கிட்டத்தட்ட நம் கொள்ளுக் கடைசலின் தூரத்து உறவு, கொஞ்சம் வினிகர் விடுவார்கள். ரைன் நதிக்கரை ஊர்களில் ரைபகூகன் என்று உருளைக்கிழங்கைத் துருவி அடை மாதிரி பொரித்து, ஆப்பிள் மசியலோடு கொடுப்பார்கள். அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி, அதையே மதியச் சாப்பாடாகத் தருகிற நாளும் உண்டு. நம் கணக்கில் அது பாயசம். சாப்பாடாக ஏற்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

மாடு, பன்றி பற்றி: மென்சாப் பலகையில் ஒவ்வொரு உணவுக்கும் குறியீடு போட்டிருப்பார்கள். ரிண்ட் என்றால் மாடு, ஷ்வைன் பன்றி, ஹேன்ஷன் கோழி, பூட்ட வான்கோழி. வீகன் உணவு பெரும்பாலும் தினமும் ஒன்று இருக்கும். ஏமாற்றுவது ஷ்பெக் என்கிற சொல். பன்றிக் கொழுப்பிறைச்சியைப் பொடியாக நறுக்கி, பார்க்க வெறும் காய்கறியாகத் தெரியும் பீன்ஸிலும் உருளைக்கிழங்கு வறுவலிலும் போட்டிருப்பார்கள். அந்த ஒரு சொல்லைப் போகும் முன்பே மனப்பாடம் செய்யுங்கள். கொலோன் நகரில் ஹால்வ ஹான் என்று பட்டியலில் பார்த்தால் பெயர் "அரைச் சேவல்" என்று சொல்லும், வருவது பாலாடைக்கட்டி வைத்த ரை ரொட்டி, சைவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். அதே ஊரின் ஹிம்மல் உன் ஏட், அதாவது "வானமும் பூமியும்", பெயருக்கு ஆப்பிளும் உருளைக்கிழங்கும். கூட வருவது பன்றி ரத்தத்தில் செய்த தொத்திறைச்சி. ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிடுகிறவர்கள் துணிந்து பார்க்கலாம், மற்றவர்கள் தள்ளி நில்லுங்கள்.

மென்சாவில் நான் கண்ட பெரிய லாபம் மேசைதான். ஒரே வகுப்புக்காரர்கள் பன்னிரண்டரைக்கு ஒன்றாகப் போவார்கள். "இது எப்படிச் செய்வது?" என்று கேட்டால் ஜெர்மன்காரர் கூச்சத்தை விட்டுவிட்டுப் பேசுவார். இரண்டாவது செமஸ்டரில் அப்படிப் பழகிய ஒருவர்தான் ஏப்ரலில் என்னைத் தன் ஊருக்கு அழைத்துப்போனார், மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டக்காரர் வீடு. இரவு உணவு அடுப்பே பற்றவைக்காமல் ரொட்டி, வெண்ணெய், ஊறுகாய் வெள்ளரி. நான் கொண்டுபோன மாங்காய்த் தொக்கை அவர் அப்பா ரொட்டியில் தடவி இரண்டு முறை வாங்கிக்கொண்டார்.

ஊர் சுற்றலுக்கு வருவோம். 2023 மே மாதம் வந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் நாடு முழுக்க வட்டார ரயில், டிராம், நகரப் பேருந்து எல்லாவற்றிலும் செல்லும். மாதத்துக்கு 49 யூரோவில் தொடங்கி 2025இல் 58, 2026இல் 63 என்று ஏறியிருக்கிறது. ஆனால் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு அது குறைந்த விலையில் செமஸ்டர் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. சேர்க்கைக்கு முன் உங்கள் பல்கலைக்கழகத்தில் உண்டா என்று பாருங்கள். இருந்தால், ஊர் சுற்றலுக்கான போக்குவரத்துச் செலவை நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள்! ரயிலே இல்லாத கிருஷ்ணகிரி நகரத்திலிருந்து போகிறவருக்கு, ஒரே சீட்டில் ஒரு நாடு முழுக்க ஏறி இறங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் மாநிலத்தையும் அதன் பக்கத்தையும் வைத்துச் சொல்கிறேன். 1248இல் தொடங்கி 1880இல் கட்டி முடித்த கொலோன் பேராலயம், 157 மீட்டர் உயரம், தெற்குக் கோபுரத்தில் 533 படி. எஸ்ஸென் நகரின் ட்ஸோல்ஃபெராய்ன் நிலக்கரிச் சுரங்கம், 1986இல் மூடி, 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, மெக்கானிக்கல் படித்தவர்கள் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கோப்லென்ஸிலிருந்து பிங்கன் வரை ரைன் கரையை ஒட்டிப் போகும் ரயிலில் ஆற்றுப் பக்க ஜன்னலைப் பிடித்தால் கோட்டை மேல் கோட்டையாக வரும். ஒகேனக்கலில் பாறையை அறுத்துக்கொண்டு விழுகிற காவிரியைப் பார்த்த கண்ணுக்கு ரைன் முதலில் சப்பென்றிருக்கும். இரண்டாவது தடவை, எதிர்நீச்சலில் சரக்கு ஏற்றி ஊர்ந்து போகும் நீண்ட படகுகளைக் கவனித்தபோதுதான் அந்த ஆற்றின் அழகு எனக்குப் பிடிபட்டது. தெற்கில் இருப்பவர்கள் அதே டிக்கெட்டில் எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பூர்க் நிலையம் வரை போகலாம்.

ஹம் நகரின் ஊன்ட்ராப் பகுதியில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயிலையும் சொல்லாமல் விட மாட்டேன். 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோடையின் தொடக்கத்தில் தேர் ஓடும். காவடி, பறவைக் காவடி, வெயிலில் நீர்மோர் எல்லாம் உண்டு. வீட்டு ஞாபகம் வதைக்கிற மாதத்தில் அங்கே போய் வாருங்கள்.

இந்த வழியின் மறை செலவுகள் சின்னச் சின்னவை. வேக ரயிலில் இந்த டிக்கெட் செல்லாது, ஆகவே பெர்லின் போன்ற தூரத்து ஊருக்கு ஏறத்தாழ இரட்டிப்பு நேரம் ஆகும். ஒரு ரயில் தாமதமானால் அடுத்த இணைப்பும் போகும். உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் 12 முதல் 18 யூரோ, தண்ணீருக்கும் காசு, கழிவறைக்கும் காசு. பையில் ரொட்டியும் தண்ணீர் பாட்டிலும் இருந்தால் ஒரு நாள் உலா 10 யூரோவுக்குள் முடியும். காலி பிளாஸ்டிக் பாட்டிலை எறிந்துவிடாதீர்கள், கடை மெஷினில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும்.

இது யாருக்கு: செமஸ்டர் கட்டணத்தில் ரயில் டிக்கெட் அடங்கிய எல்லோருக்கும். ஜெர்மனியிலேயே வேலை தேட நினைப்பவருக்கு. இரண்டாவது செமஸ்டரிலிருந்து நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## வழி 3: சேர்த்து வைத்துப் பெரிய பயணம்

பிளிக்ஸ் பஸ் என்கிற மலிவுப் பேருந்து, மலிவு விமானம், பல நாட்டு ரயில்களுக்குச் செல்லும் இன்டர்ரெயில் சீட்டு, இவற்றில் ஏறிப் பல நாடுகள் பார்ப்பது. ஜெர்மன் குடியிருப்பு அட்டையும் பாஸ்போர்ட்டும் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் இருக்கலாம். குரோயேஷியா 2023இல் சேர்ந்தது, ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகச் சேர்ந்தன. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் தனி விசா வேண்டும். அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காகிதச் சான்று மட்டும் வைத்திருக்கும் மாதங்களில், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்காமல் எல்லை தாண்டாதீர்கள்.

பணத்தில் ஏமாறும் இடம் இதுதான். மலிவு விமானத்தில் சின்ன முதுகுப்பை மட்டும் இலவசம். இறக்கிவிடும் விமான நிலையம் பெயரில் மட்டும் அந்த நகரமாக இருக்கும்: ஃப்ராங்ஃபுர்ட் ஹான் நகரத்திலிருந்து 120 கிலோமீட்டர், பாரிஸ் போவே 85 கிலோமீட்டர். என் ரோம் பயணம் 20 யூரோ டிக்கெட்டில் தொடங்கியது. பேருந்து, பெட்டிக் கட்டணம், இரண்டு இரவு ஹாஸ்டல், நகர வரி, சாப்பாடு எல்லாம் கூட்டினால் 230. மூன்று நாளில் பதினோரு இடம் ஓடி, நின்று சாப்பிட்டது இரண்டே வேளை.

ஆனாலும் சில பயணங்களை நான் விடச் சொல்ல மாட்டேன். பாரிஸின் லா ஷப்பேல் தெருவில் கொத்து ரொட்டி வாசனையோடு தமிழ்ப் பெயர்ப்பலகைகள் வரிசையாக இருக்கும். 26 வயது நிறையாதவர் ஐரோப்பியக் குடியிருப்பு அட்டையைக் காட்டினால் லூவ்ர் அருங்காட்சியகம் இலவசம். நெதர்லாந்தில் சுரினாம் ரொட்டி என்று விற்பதை வாங்கிப் பாருங்கள். 1873இலிருந்து வட இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகளாக தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதை நெதர்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு ரொட்டி மூன்று கண்டம் தாண்டி வந்திருக்கிறது. அதை மடித்துச் சாப்பிட்டபோது என் தொண்டை அடைத்தது.

இது யாருக்கு: பகுதி நேர வேலையில் கொஞ்சம் சேர்த்தவருக்கு, ஆகஸ்ட், செப்டம்பர் போல வகுப்பில்லாத மாதங்களில். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவதாகத் தீர்மானித்தவருக்கு இது இன்னும் பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| | நம் சமையல் | மென்சா, வட்டார ரயில் | பெரிய பயணம் |
|---|---|---|---|
| செலவு | மாதம் 150 முதல் 200 யூரோ | மாதம் 220 முதல் 300, உலாவும் சேர்த்து | ஒரு பயணத்துக்கே 200க்கு மேல் |
| நேரம் | தினம் ஒன்றரை மணி | வாரம் ஒரு நாள் | மூன்று நாளாவது தொடர்ச்சியாக |
| மாடு, பன்றி | கவலை இல்லை | குறியீடு படிக்க வேண்டும் | மொழி தெரியாமல் சிரமம் |
| காகிதம் | எதுவுமில்லை | மாணவர் அட்டை, டிக்கெட் | பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை |
| கூட உட்காருபவர் | வீடியோவில் அம்மா | வகுப்புத் தோழர்கள் | கூடப் போகிற நம்மவர்கள் |
| மறை செலவு | தனிமை, பேசாத ஜெர்மன் | தாமதம், வெளிச் சாப்பாடு | பெட்டி, பேருந்து, நகர வரி |

## மூவருக்கும் சொன்னது

ஊத்தங்கரைத் தங்கை சுத்த சைவம். காலையும் இரவும் சமையல், மதியம் மென்சாவில் வீகன் தட்டு, அந்த மேசையை மட்டும் விட்டுவிடாதே என்றேன். ஓசூர்க்காரரிடம் சேமிப்பு இருக்கிறது, வயது 27. அவர் கோடையில் ஒரு பெரிய பயணம் வைத்துக்கொள்ளலாம், லூவ்ர் மட்டும் அவருக்குக் காசுதான்.

காரிமங்கலத்துத் தம்பியின் அப்பா நிலப் பத்திரத்தை வங்கியில் வைத்திருக்கிறார். அதனால் ஒரு காசு ஊர் சுற்றச் செலவழித்தாலும் பாவம் என்று நினைக்கிறார் தம்பி. ரயில் டிக்கெட் கட்டணத்திலேயே வருகிறது, ரொட்டியைக் கட்டிக்கொண்டு மாதம் இரண்டு ஞாயிறு வெளியே போனால் அப்பாவின் காசு குறையாது என்று எழுதிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். டிசம்பர் வரைக்கும் சமையல், பிறகு மென்சா என்று முடிவாகியிருக்கிறது.

பெட்டியில் ராகி மாவு இரண்டு கிலோ போட்டாயிற்று. நெய்யையும் பால்கோவாவையும் எடுத்துவிட்டோம், பால் பொருளை இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. அடுத்த கோடைக்கு வந்து திரும்பும்போது நம்ம தோட்டத்து மாம்பழம் ஒரு டஜன் கொடுத்துவிடலாமா என்று அவர் அம்மா இப்போதே கேட்கிறார். பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அங்கே விட மாட்டார்கள், வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஐந்துக்கும்தான் விலக்கு. தொக்காகப் போட்டுக் கொடுத்துவிடுங்கள் அக்கா என்று சொல்லியிருக்கிறேன், இரண்டு பாட்டிலாக. ஒன்று மேசையில் கூட உட்காருகிறவர்களுக்கு.